மூடியின் உள்மூலை

ஜனவரி 12

உன் கடிதத்தைப் பிரித்து நான் சத்தமாகப் படித்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து நின்ற உன் அண்ணன், மேஜைக்கு அடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் பொடி, ஊசியும் நூலும் வாங்கிப்போக வந்து, வந்த காரியத்தை மறந்த மாடி டீச்சர், படித்த நான். ஆக மொத்தம் நாலு பேர். அடுத்த அறையில் உன் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. மாமாவைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்தேன். கூடத்துக்குள் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது? ஆனால் "எங்கள் டிடெக்டரைத் தொலைநோக்கிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்" என்ற வரி வந்ததும் ரேடியோவின் சத்தம் குறைந்தது. அது தானாகக் குறையாது.

அன்பு வாலு, சௌக்கியமா? இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். இதை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு நீ பெரிய ஆள் ஆனதும், அன்றைக்கு நானும் கூட இருந்தேன் என்று பத்துப் பேர் கிளம்புவார்கள். நம் கையில் சரியான கணக்கு இருக்க வேண்டும்.

போனில் பேசேன் என்று உன் அண்ணன் சொல்கிறார். போனில் பாதி நேரம் கேட்கிறதா, கேட்கிறதா என்பதிலேயே போகிறது. மிச்சத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதம்தான் எனக்குச் சரி. சத்தம் போட்டுப் படித்தால் அடுத்த அறைக்கும் போகும்.

மாமா இன்னும் உன் பெயரை எடுப்பதில்லை. உள்ளூர்க் கல்லூரியில் அவர் பேசி முடித்து வைத்த வேலையை விட்டுவிட்டு, ரயில் ஏறின பிறகு நீ எழுதிப் போட்டது அவருக்கு ஆறவில்லை. முப்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவரிடம் சொல்லாமல் ரயில் ஏறினால் ஆறுமா? இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆறும். நான் தினமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரிடம் இல்லை, மேலே இருப்பவரிடம்.

நீ கேட்ட பருத்தி பனியன் நாலு அனுப்பியிருக்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் மாட்டிக்கொள்கிற அந்த முழு அங்கிக்கு உள்ளே போட்டுக்கொள். ஒன்றுக்கு மட்டும் ஓரத்தை நானே கையால் தைத்தேன். முக்கியமான நாட்களில் அதைப் போடு. ஏன் எதற்கு என்று கேட்காதே.

உன் டிடெக்டர் என்ன செய்யும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. எட்டாவதோடு படிப்பை விட்டேனே தவிர, புரிந்துகொள்வதை விடவில்லை.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு வாலுவின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க முகமூடி போடுவதால் மூக்கின் மேல் ஒரு கோடு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் டிடெக்டர் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சிலிக்கான் சில்லு. விழுகிற வெளிச்சத்தைத் துளித்துளியாக எண்ணி வரவு வைப்பது அதன் வேலை. நீங்கள் செய்வதுதான் அண்ணி.

கண்ணுக்குத் தெரிகிற ஒளியை எண்ணுவது பெரிய காரியம் இல்லை. போனில் இருக்கிற கேமராவே செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளிதான் வீம்புக்காரி. சில்லின் மேல்தோலிலேயே நின்றுவிடும், உள்ளே வராது. அதனால் சில்லைப் பின்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்து, அதன் மேல் அணு அடுக்கு அடுக்காகப் பூச்சு போடுகிறோம். நூறு துளி விழுந்தால் எழுபதை எண்ணுகிறது. இந்தத் துறையில் இது கர்வப்பட வேண்டிய எண். நான் கர்வமாகத்தான் இருக்கிறேன்.

எதற்கு இந்தப் பாடு என்றால், புதிதாகப் பிறந்த சூடான நட்சத்திரங்கள் அந்த ஒளியில்தான் கொட்டித் தீர்க்கின்றன. நம் தலைக்கு மேல் இருக்கிற காற்று அதைக் கீழே விடாது. விட்டால் நாம் பிழைக்க மாட்டோம். ஆகவே காற்றைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசியில் டிடெக்டர் வைத்த பெட்டியை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் மாதக்கணக்கில் சோதனை. எங்களுடையது தாங்காவிட்டால் இன்னொரு குழுவின் டிடெக்டர் போகும். நல்ல டிடெக்டர்தான், ஆனால் அதற்குப் புற ஊதா தெரியாது. தொலைநோக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே போகும்.

பனியன்கள் அளவாக இருக்கின்றன. கையால் தைத்த ஓரத்தையும் பார்த்தேன். உங்கள் தையல் எனக்குத் தெரியாதா.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பல தடவை படித்தேன். படித்துவிட்டு ஒரு சின்ன வேலை செய்தேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். மேலே போன பிறகு சொல்கிறேன். அந்த ரேடியோ இன்னும் கரகரக்கிறதா?

பொடிக்கு அத்தையின் முத்தம்.

உங்கள்,
வாலு


பிப்ரவரி 25

வாலு, நல்லபடியாக இருக்கிறாய் என்று படித்ததில் எனக்குப் பாதி உடம்பு தேறியது. மீதிப் பாதிக்குச் சளி. சரியாகிவிடும்.

உன் கடிதத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். வரவு வைக்கிற இயந்திரம் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. நூறில் முப்பதை ஏன் விடுகிறது என்று பொடி கேட்டாள். அம்மாகூடச் சில்லறையில் கொஞ்சம் விடுவாள் என்றார் உன் அண்ணன். நான் விடுவதில்லை. அவருக்கே தெரியும்.

இனிமேல்தான் விஷயம். சாப்பிடும்போது மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார். "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு இத்தனை பேர் வேலை பாக்குறாங்களா? நாங்க தெரியுற வெளிச்சத்தை வெச்சே ரயிலை நிறுத்தினோம்." சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பது உன் கடிதத்தில் வருகிறது, செய்தித்தாளில் வரவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ரேடியோ கரகரக்கத்தான் செய்கிறது. புதிது வாங்கலாம் என்றால் வேண்டாம் என்கிறார்.

வீட்டுக் கணக்கின் கடைசிப் பக்கத்தில், கடவுளிடம் கேட்டதையும் கிடைத்ததையும் குறித்து வைப்பேன் என்று உனக்குத் தெரியும். நீ கேலி செய்வாய். உன் டிடெக்டரையும் ஏற்றிவிட்டேன். நான் கேட்டு வெகு நாளாக நிலுவையில் நிற்பது இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது டிடெக்டர் இல்லை.

அந்த பனியனைப் போடுகிறாயா? எழுது.

அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணி, சளி போயிற்றா? சூடாகக் குடியுங்கள், ஈரத்தில் நிற்காதீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியதை நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சோதனை தொடங்கிவிட்டது. எங்கள் குழுவின் தலைவியை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் எண்களைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார். எங்கள் அறையில் அது பாராட்டு விழாவுக்குச் சமம்.

டிடெக்டரை ஒரு இரும்புத் தொட்டிக்குள் வைத்து, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, கடுங்குளிரில் நிறுத்துவோம். மேலே அப்படித்தான் இருக்கும். பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார், பம்ப்காரர் என்று பெயர். பம்புகளோடு பேசுவார். என்னம்மா இன்னிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பது பம்பையா நம்மையா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் எங்கிருந்தோ வேண்டாத வெளிச்சம் கசிந்தது. புதிதாக மறைப்புச் செய்ய நேரமில்லை. டிடெக்டரைத் தூக்கிப்போகிற பெட்டியின் அலுமினிய மூடி அளவாக இருந்தது. நடுவில் துளை போட்டு அதையே மாட்டலாம் என்று நான் சொன்னேன். மேடம் சரி என்றார். துடைத்து மாட்டினோம். கசிவு நின்றது. அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

போன வாரம் புற ஊதா எண் எழுபதிலிருந்து அறுபத்தேழுக்கு வந்திருக்கிறது. விளக்கின் குறையாக இருக்கும். மாற்றிப் பார்க்கிறோம். கவலைப்பட இதில் ஒன்றும் இல்லை.

பனியன் விஷயம் கேட்டிருந்தீர்கள். துவைத்துத் துவைத்துப் போடுகிறேன். அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 27

அன்பு வாலு, இங்கே சளி போய்விட்டது. அங்கே உன் எண் ஏறியதா?

அறுபத்தேழு என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்தினேன். உன் அண்ணன் முகம் வாடிவிட்டது. நான் சொன்னேன், கணக்கு உதைக்கிறது என்றால் எங்கேயோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, திரும்பவும் மேலேயிருந்து கூட்டினால் அகப்படும், அவள் கூட்டுவாள். கவலை என்று நீ எழுதவில்லை. கவலை இல்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்குப் புரிகிறது.

உன் அப்பா பரணில் இருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். அவர் காலத்துச் சிக்னல் கண்ணாடிகள், சிவப்பு, பச்சை, மஞ்சள். பொடிக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பச்சையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, அம்மா தவளை மாதிரி இருக்கிறாள் என்றாள். இதற்கு அந்தாண்டையும் ஒரு நிறம் இருக்கிறதாம், அதுக்குக் கண்ணாடியே கிடையாதாம் என்று அவளிடம் சொன்னார். யார் சொன்னார்கள் தாத்தா என்று அவள் கேட்டாள். எங்கேயோ கேட்டேன் என்றார்.

அடுத்த அறையிலிருந்து கேட்டார். வேறு எங்கே கேட்பார்?

அந்தக் கையால் தைத்த பனியனைப் போடும் நாளில் எண் நன்றாக வருகிறதா என்று மட்டும் குறித்துப் பார். சிரிக்காதே.

அண்ணி


மே 30

அன்புள்ள அண்ணி,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சுமார் என்று எழுதுகிறேன்.

எண் நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. விளக்கு இல்லை, மின்சுற்று இல்லை, பூச்சும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் எந்தக் குறையும் கிடையாது, முதல் நாள் எப்படியோ அப்படியே தொண்ணூறு. புற ஊதாவில் மட்டும் விழுகிறது. இதற்கு ஒரே அர்த்தம்தான். தொட்டிக்குள் எங்கேயோ இருந்து ஏதோ ஆவியாகி, இருப்பதிலேயே குளிர்ந்த இடமான டிடெக்டரின் மேல் படிகிறது. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளியே வியர்க்குமே, அது மாதிரி. கண்ணால் பார்த்தால் பளிங்கு. புற ஊதாவுக்கு அது கம்பளி.

எண்ணெயோ, பசையோ, ஏதோ ஒன்று. இவ்வளவு வேண்டும் என்றுகூட இல்லை. தலைக்குத் தடவிய எண்ணெயில் ஒரு விரல் பட்டால் போதும், எண்ணெய் தொட்ட ஒரு நூல் போதும். அதனால்தான் எங்களுக்குக் கைக்களிம்பு கிடையாது, வாசனை கிடையாது. இந்த இரண்டு வருஷமாக எனக்குத் தலை காய்ந்து கிடப்பதும் அதனால்தான்.

எல்லாச் சந்தேகமும் பம்ப்காரர் மேல் போய் நிற்கிறது. பம்புக்கு வேறு கிரீஸ் போட்டுவிட்டார் என்கிறார்கள். இல்லை என்கிறார் அவர். இப்போது பம்புகளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். அறை அமைதியாக இருக்கிறது, அது நன்றாக இல்லை.

ஜூலை கடைசிக்குள் மூலம் எது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னொரு குழுவின் டிடெக்டர்தான் போகும், பம்ப்காரரும் போவார். மேடம் தேதியோடு சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். உங்கள் இஷ்டம்.

வாலு


ஜூலை 4

வாலு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடத் தகுதி இல்லாமல் இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நான் இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்ததில்லை. நடுவில் ஒரு தடவை போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ ஆமாம் என்றாய். வைத்துவிட்டேன். அதற்காக நான் போன் செய்யவில்லை.

கையால் தைத்த அந்த பனியனின் ஓரத்துக்குள் ஒரு நூல் இருக்கிறது. கடவுளின் முன்னால் எரிகிற விளக்கின் எண்ணெயில் நனைத்து, காயவைத்து, மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். உன்னிடம் சொன்னால் போட மாட்டாய் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. எண்ணெய் தொட்ட ஒரு நூல் போதும் என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் சத்தமாகத்தான் படித்தேன். படித்த பிறகு கடிதத்தை நீட்டிவிட்டேன். உன் அண்ணன் வாங்கி மிச்சத்தைப் படித்தார்.

உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று செய்தேன் என்பதை உன் மேடத்திடம் சொல்லாதே. அவருக்கு அது தேவையில்லை. வீட்டிலிருந்து என் அண்ணி இப்படிச் செய்துவிட்டாள், எனக்குத் தெரியாது என்று சொல். என் விலாசத்தைக் கொடு. கையெழுத்துப் போட்டு எழுதித் தரவும் தயார். அந்த பம்ப் பார்க்கிற மனிதருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். அவர் மேல் பழி நிற்கக் கூடாது.

சாமி கும்பிட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் வேலைக்குள் சாமி வரக் கூடாது என்று நீ ஒரு விதி வைத்திருக்கிறாய் என்று தெரிந்தும், தெரியாத மாதிரி ஊசியை எடுத்ததில்தான் வருத்தம்.

கோபமாக இருந்தாலும் எழுது.

அண்ணி


ஜூலை 10

அன்புள்ள அண்ணி, முதலில் நன்றாக மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நூலைப் பனியன்கள் வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். மற்ற மூன்றும் மிஷின் தையல், ஒன்று மட்டும் கை தையல், ஏன் எதற்கு என்று கேட்காதே என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இதற்குமேல் ஒருத்தி சந்தேகப்பட என்ன வேண்டும்? பிரித்து எடுத்தேன். அந்த பனியனை வீட்டோடு வைத்துக்கொண்டேன். நூல் என் அறையில், ஜன்னல் ஆணியில் தொங்குகிறது. வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுப் போவேன். ஒரு நாளும் அது ஆராய்ச்சிக்கூடத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. உங்கள் மனசு கஷ்டப்படும் என்று நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்து ஒரு மாதத்தைப் பாழாக்கியிருக்கிறோம்.

ஆகவே அது நீங்கள் இல்லை.

இதை எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். தெரியாத மாதிரி ஊசியை எடுத்தேன் என்று ஒரு வரி. அதை இன்னொரு தடவை படித்தேன். நாங்கள் இரண்டு மாதமாக எந்தப் பொருள், எந்தப் பசை, எந்தக் கிரீஸ் என்று தேடுகிறோம். யார் ஆசைப்பட்டு என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சின்ன வேலை செய்தேன் என்று எழுதினேனே. அந்தத் தூக்கிப்போகும் பெட்டியின் மூடியில், உள்பக்கம், மூலை மடிப்புக்குக் கீழே, எழுதும் மார்க்கரால் புள்ளிகள் வைத்தேன். அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. நீங்கள் எல்லாரும் ஏவுதளம் வரைக்கும் அதோடு போவீர்கள் என்று. அப்போது அது வெறும் மூடி. தொட்டிக்குள் போகப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? பிறகு அதை உள்ளே மாட்டலாம் என்று சொன்னதும் நான்தான். துடைத்தோம். மடிப்புக்குக் கீழே துணி போகாது, மை அங்கேயே இருந்து ஆவியாகியிருக்கும்.

இதை முடிக்காமல் கிளம்புகிறேன்.

மறுநாள். மேடத்திடம் சொன்னேன். தொட்டியைத் திறந்து, மூடியைக் கழற்றி, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பம்ப்காரரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என் கிரீஸைப் போய்ச் சந்தேகப்பட்டீங்களே பாப்பா," என்றார். அவ்வளவுதான்.

டிடெக்டர் பிழைக்குமா என்று இன்னும் தெரியாது. என் வேலை என்ன ஆகும் என்றும் தெரியாது. ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வாலு


ஜூலை 19

என் செல்ல வாலு, உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள். இங்கே இரண்டும் தேவலை.

உன் கடிதத்தை இந்தத் தடவை சமையலறையில் வைத்து, எனக்கு மட்டும் படித்துக்கொண்டேன். அழுதேன், சிரித்தேன், அடுப்பில் இருந்தது அடிப்பிடித்தது. நூலை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு ஆறு மாதம் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறாய். நேரில் வா, பேசிக்கொள்கிறேன்.

மத்தியானம் மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கையை வைக்காமல் கேட்டார். "இந்த லெட்டரை ஏன் சத்தமா படிக்கலை?" கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நேராக ஒன்றைக் கேட்டதில்லை. நான் மறைக்கவில்லை. நூல், மூடி, புள்ளி, பம்ப்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு அவர் காலத்துக் கதை ஒன்று சொன்னார். ஒருத்தன் தப்பு சிக்னல் கொடுத்துவிட்டான், ரயில் தாண்டிப் போய் நின்றது, யாருக்கும் அடி இல்லை. அவனே வந்து எழுதிக் கொடுத்தான். தண்டனை உண்டு, ஆனால் வேலையில் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அப்படிப்பட்டவன் கிடைப்பது கஷ்டம். அவன் எந்த ஸ்டேஷன் என்று பொடி கேட்டாள். "நான்தான்," என்றார். உன் அண்ணனுக்கே இது தெரியாது.

இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் ரேடியோவைப் போட்டார்.

டிடெக்டர் பிழைக்கும். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அண்ணி


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணி, எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா? இதைச் சத்தமாகப் படியுங்கள்.

எழுபது.

மூடியை எடுத்துவிட்டு, டிடெக்டரை வெற்றிடத்திலேயே வைத்து, மெல்ல மெல்லச் சூடாக்கினோம். அவசரப்பட்டால் பூச்சு வெடித்துவிடும். படிந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போயிற்று. பம்ப்காரர் மூன்று வாரமும் தன் பம்புகளைக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு மடக்கு இழும்மா என்பார். மறுபடி குளிரவைத்துப் பார்த்தால் எழுபது. பிறகு சும்மா விட்டு வைத்துப் பார்த்தோம். இறங்கவில்லை. எங்கள் டிடெக்டர்தான் போகிறது. தொலைநோக்கி இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு மேலே போகும்.

எனக்குத் தண்டனை உண்டு. பெட்டி ஒப்படைக்கும் வரை நான் தூசியில்லா அறைக்குள் போகக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே, திரையின் முன்னால் உட்கார்ந்து எண்களை மட்டும் பார்க்கலாம். என் கையால் செய்ததை இனி நான் தொட மாட்டேன். அது வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலையில் இருக்கிறேன். நீங்கள் எழுதிய ரயில் கதையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

அந்த மூடியைத் துடைக்கும் வேலையை மேடம் என்னிடமே கொடுத்தார். மேஜைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு முன்னால், இது என்ன கணக்கு என்று கேட்டார். என் குடும்பம் என்றேன். "நாலு ஒண்ணா இருக்கு. ஒண்ணு மட்டும் ஏன் அந்தக் கோடியில இருக்கு?" என்று கேட்டார். அவர் அடுத்த அறையில் இருந்தார் மேடம் என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, துடைக்கிற துணியை என்னிடம் நீட்டினார்.

இன்றைக்குக் காலையில் என்னைக் கூப்பிட்டார். புது மூடி செய்கிறார்கள், மேலே போகிற பெட்டிக்கு. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அடையாளக் குறி எப்படியும் வேண்டும். மை கிடையாது, உலோகத்தில் ஊசிமுனையால் சின்னக் குழி. "எப்படியோ குறி போடணும், அஞ்சு குழியா இருந்துட்டுப் போகட்டும்," என்றார். எங்கெங்கே என்று நான் படம் வரைந்து செப்டம்பர் பதினைந்துக்குள் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். மேடம் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட.

பழைய மாதிரியே வரைந்து கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

உங்கள்,
வாலு


செப்டம்பர் 1

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: உன் அண்ணன், முழுச் சவரம் செய்த முகத்தோடு, மேஜைக்கு அடியில் இப்போது தலை இடிக்கிறது என்பதால் மேஜைமேல் உட்கார்ந்திருந்த பொடி, நான் கூப்பிட்டனுப்பி வந்த மாடி டீச்சர், நான், ஜன்னலோரத்து நாற்காலியில் மாமா. ஆக மொத்தம் ஐந்து பேர். அடுத்த அறையில் யாரும் இல்லை. ரேடியோ அணைத்திருந்தது.

அன்பு வாலு, நாங்கள் அனைவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

எழுபது என்று படித்ததும் டீச்சர் கை தட்டினார். பொடி மேஜையிலிருந்து குதித்தாள். உன் அண்ணன், எனக்கு அப்போதே தெரியும் என்றார். அவருக்குத் தெரியாது. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

உன் தண்டனையைப் படித்தபோது மாமா தலையை ஆட்டினார். சரிதான் என்பது போல.

பிறகு அந்த இடம் வந்தது. நாலு ஒன்றாக, ஒன்று மட்டும் கோடியில். நீ மேடத்திடம் சொன்ன பதிலையும் படித்தேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை, கணக்கு வாசிப்பது போல வாசித்தேன். யாரும் மாமாவின் பக்கம் திரும்பவில்லை. பொடிகூடத் திரும்பவில்லை. நான் மிச்சத்தை முடித்து, கடிதத்தை மடித்தேன்.

மாமா எழுந்தார். உள்ளே போகிறார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைத் தானே ஒரு தடவை படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"படம் குடுக்குறதுக்கு முன்னாடி அவளுக்கு எழுதிப் போடும்மா. அந்த அஞ்சாவதையும் மத்ததோட சேர்த்தே வைக்கச் சொல்லு."

கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் சொன்ன சொல்லில் நான் ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதி முடித்ததும் தானே போய்த் தபாலில் சேர்ப்பதாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஆகவே நீட்டி எழுத நேரமில்லை.

கடைசிப் பக்கத்தில் நிலுவையில் இருந்த அந்த ஒன்றை இன்றைக்கு அடித்துவிட்டேன்.

படத்தை மாற்றி வரைந்துவிட்டாயா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் தெரிய வேண்டும். கடிதத்தின் மேலே அவர் பெயரையும் போட்டு, சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி